இருபத்துநாலு கிட்டும் ஒரு தனி அறையும்

மனைவியைத் திருத்துவது என்று ஸ்டோர் கீப்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முடிவு செய்தார். இப்படி முடிவு செய்த முதல் கணவர் அவர் இல்லை. செய்து முடித்த கணவர் என்று யாரையும் அவர் நேரில் பார்த்ததும் இல்லை. ஆனாலும் முடிவு முடிவுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, நிதானமாகத்தான் முடிவு செய்திருந்தார்.

பம்புசெட் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. முப்பது வருஷமாக ஒரு நட்டு, ஒரு போல்ட்டு, ஒரு வாஷர்கூட அவர் கையெழுத்து இல்லாமல் தட்டை விட்டு இறங்கியதில்லை. முதலாளியே வந்து ஒரு திருகாணி கேட்டாலும், "சீட்டு எழுதிக் குடுங்க சார்" என்பார். முதலாளியும் எழுதிக் கொடுத்து, நின்று வாங்கிப் போவார். அப்பேர்ப்பட்ட வீராதி வீரர், சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த வீரத்தையும் கூடவே கழற்றி வைத்துவிடுவார். மறுநாள் காலையில் இரண்டையும் மாட்டிக்கொண்டு கிளம்புவார். இடையில் பதினாலு மணி நேரம் அவர் சாதாரணப் புருஷன்.

பிரச்சினை, பின்பக்கத்து அறை. அது மகளின் அறையாக இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி அவள் வெளியூர் போன அன்று, இனி அந்த அறை தனக்குத்தான் என்று அவர் மனசுக்குள் ஒரு ஓரமாக நினைத்துக்கொண்டார். தப்பில்லை. மகளை வண்டியேற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பினார். அதற்குள் மனைவி மேசையை உள்ளே போட்டுவிட்டிருந்தாள். அவளும் அழுதுகொண்டுதான் போட்டாள். ஆனால் போட்டுவிட்டாள்.

ஏழு பிள்ளைகளில் ஆறாவது ஆள் அவர். சின்ன வயதில் ஒரே கூடத்தில் வரிசையாக ஏழு பாய். படிக்கப் போன இடத்தில் ஹாஸ்டல், அறைக்கு நாலு பேர். வேலை கிடைத்தது, ஸ்டோருக்குக் கதவு கிடையாது, கம்பி வலைதான். வருகிறவன் போகிறவன் எல்லாம் மிருகக்காட்சிசாலைக்கு வந்தவன் மாதிரி எட்டிப் பார்ப்பான். பிறகு கல்யாணம். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்து நாலு வயது வரைக்கும் தனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு அவருக்கு வாய்க்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வெளியே குரல் கேட்கும். அந்தப் பின்னறைக்குள் போய், கதவைச் சாத்தி, சாய்வு நாற்காலியில் சாய்ந்து, பழைய ரேடியோவை மெதுவாகப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுக் குறட்டை விட வேண்டும். ராஜ்ஜியமா கேட்டார்? பத்துக்குப் பத்தில் ஓர் அறை.

அந்த அறையில் மனைவி ஸ்க்ராப் புக் செய்துகொண்டிருந்தாள். கெட்டி அட்டைப் பக்கங்களில் குடும்பப் போட்டோக்களை ஒட்டி, சுற்றிலும் பூக்காகிதம் வெட்டி வைத்து, ரிப்பன் கட்டி, பொத்தான் தைத்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்கும் ஆல்பம். மகள் நடை பழகியது ஓர் ஆல்பம், பல் விழுந்தது ஓர் ஆல்பம். அழகாகத்தான் செய்வாள், அதை அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் தொழிற்சாலையில் ஸ்க்ராப் என்றால் மாதக் கடைசியில் பின்வாசல் வழியாக லாரியில் வெளியே போகும். இவர் வீட்டில் ஸ்க்ராப் முன்வாசல் வழியாகப் பையில் உள்ளே வந்தது. வந்தது எதுவும் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

மூன்று கதவு அலமாரி நிறைந்து வழிந்தது. பூப்போட்ட காகிதம், கோடு போட்ட காகிதம், புள்ளி வைத்த காகிதம், ஒன்றுமே போடாத காகிதம். லேஸ், ரிப்பன், ஒட்டுத்தாள். கீழ்த்தட்டில், "எதுக்காவது ஆகும்" என்று எடுத்து வைத்த மிட்டாய் உறை, அறுந்த மணிமாலை, புதுத்துணியில் தொங்கி வந்த கயிறு. எதுவும் எதற்கும் ஆகவில்லை. ஆனால் ஆகும்.

"இத பாரு," என்று ஸ்டோர் கீப்பர் அறை வாசலில் நின்று ஆரம்பித்தார். "உன்னைக் குத்தம் சொல்றேன்னு நினைக்காத."

"நினைக்கல. சொல்லுங்க." அவள் ஒரு பட்டாம்பூச்சியைக் காகிதத்திலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரி நிறையப் பேப்பர் இருக்கு. நேத்து மறுபடியும் பேப்பர் வாங்கிட்டு வந்திருக்கே."

"இருக்கற பேப்பர் எல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பேப்பர். அத வெட்ட மனசு வரல. அதான் வெட்டறதுக்குன்னு வேற வாங்கினேன்."

"வாங்கினத வெட்டினியா?"

"அதுவும் பிடிச்சுப் போச்சு."

ஸ்டோர் கீப்பர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒருத்தர் தன் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தார். ராஜினாமா செய்திருப்பார்.

"இனிமே புதுசா ஒரு முழம் ரிப்பன்கூட வாங்க வேணாம். இருக்கறத வெச்சு நானே உனக்கு கிட் கட்டித் தரேன். ஒரு கிட்டுல ஒரு ஆல்பத்துக்கு வேண்டியது அத்தனையும் இருக்கும். பிரிச்சியா, ஒட்டினியா, முடிச்சியான்னு இருக்கணும். கிட் எல்லாம் தீர்ந்து, அலமாரி காலியாச்சுன்னா..."

"ஆச்சுன்னா?"

"இந்த ரூம் எனக்கு."

கத்தரிக்கோல் நின்றது. பட்டாம்பூச்சி அரை இறக்கையோடு அந்தரத்தில் தொங்கியது. பிறகு அவள், "சரிங்க" என்றாள்.

ஸ்டோர் கீப்பருக்குப் பகீர் என்றது. இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் பின்னால் ஒரு 'ஆனா' இல்லாமல் 'சரிங்க' வந்ததில்லை. அவர் அந்த 'ஆனா'வுக்காகக் காத்து நின்றார். அது வந்துவிட்டது.

"ஆனா, கிட்டுல ஏதாவது குறைஞ்சா?"

"குறையாது."

"குறைஞ்சா?"

"முப்பது வருஷத்துல என் ஸ்டோர்ல குறைன்னு வந்த சீட்டு ஒரு ராத்திரி தங்கினதில்ல, தெரியுமா? அன்னன்னிக்கே தீர்த்துடுவேன். ஏதாவது குறைஞ்சா ஸ்டோர்கிட்ட வா. வீட்ல இருக்கறத வெச்சு ஸ்டோர் சரி பண்ணித் தரும்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

ஸ்டோர் கீப்பரிடம் எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்பது, பசித்தவனிடம் சாப்பிடுகிறாயா என்று கேட்பது மாதிரி. அவர் உடனே உட்கார்ந்து எழுதினார். 'இந்தக் கிட்டில் எப்பொருள் குறையினும் கொண்டுவருபவர் ஸ்டோரை அணுகவும். வீட்டில் இருப்பில் உள்ள பொருளைக் கொண்டு அன்றே ஈடு செய்யப்படும்.' கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் ஒரு சுழிப்பு உண்டு. சந்தோஷமாக இருக்கும் நாட்களில் இரண்டு சுழிப்பு. அன்று மூன்று போட்டார். அலமாரியில் இருப்பது இருபத்துநாலு கிட்டுக்கு வரும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு, கிட்டுக்கு ஒன்றாக இருபத்துநாலு பிரதி எடுத்து, இருபத்துநாலிலும் கையெழுத்துப் போட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையாலும் கெட்டார்.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். "'கொண்டுவருபவர்'னு போட்டிருக்கீங்களே?"

"அதுதான் ஆபீஸ் நடை. அங்க எல்லாம் பேர் போட மாட்டோம்."

"ஓஹோ," என்றாள். அந்த ஓஹோவை ஸ்டோர் கீப்பர் கொஞ்சம் கவனித்திருக்கலாம். அவருக்கு அப்போது நாற்காலியை ஜன்னலோரம் போடுவதா சுவரோரம் போடுவதா என்ற யோசனை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிட் கட்டினார். கட்டிய விதம்தான் விசேஷம். கல்யாண ஆல்பத்துக்கு ஒரு கிட், குழந்தை ஆல்பத்துக்கு ஒரு கிட் என்று ஒரு சாதாரண மனிதன் பிரித்திருப்பான். அவர் ஸ்டோர் கீப்பர். சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொரு கிட்டும் சரியாக நானூறு கிராம் இருக்கும்படி கட்டினார். எடை குறைந்தால் ஒரு பிடி பொத்தானை அள்ளிப் போட்டு நிரவினார். கூடினால் ஒரு ரிப்பனை உருவினார். இதில் மூன்றாம் நம்பர் கிட்டில் அறுபத்து மூன்று பொத்தான் சேர்ந்தது, முதல் நம்பரில் ஒன்றுகூட இல்லை. அதனால் என்ன? எடை சரியாக இருந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஊசி இரவல் கேட்டு வந்தவள், நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன அண்ணா, பொட்டலம் கட்டறீங்க?"

"பொட்டலம் இல்லம்மா. கிட்."

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "குழந்தை பொம்மை போட்ட பேப்பர். கறுப்பு ரிப்பன். 'இனிய ஓய்வுக்கால வாழ்த்துகள்'னு ஒட்டுத்தாள். யாருக்கு அண்ணா இது? பொறந்த அன்னைக்கே ரிட்டயர் ஆன குழந்தைக்கா?"

"எடையப் பாரும்மா. எல்லாம் ஒரே எடை."

"அக்கா," என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "அண்ணா நல்லாத்தானே இருக்காரு?"

"நல்லா இருக்காரு. கட்டட்டும், விடு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலில் இருந்த பாசத்தைக் கேட்டு ஸ்டோர் கீப்பர் நெகிழ்ந்துபோனார்.

இருபத்துநாலு கிட்டும் நெகிழிப் பையில் ஏறி, வாய் மூடி, நம்பர் ஒட்டி, வரிசையாக நின்றன. சீல் வைத்த கிட்டைத் திறந்து பொருள் மாற்றக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார். விதி போடவில்லையென்றால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. வாரத்துக்கு இரண்டு கிட் என்றால் பன்னிரண்டு வாரம். பன்னிரண்டாவது வாரம் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே மனைவி சீட்டோடு நின்றாள். "ஒண்ணாம் நம்பர் கிட். பொத்தான் குறையுது. ஆறு வேணும்."

"மூணாம் நம்பர்ல அறுபத்து மூணு இருக்கே."

"எடுத்துக்கட்டுமா? சீல் உடைக்கணும்."

"தொடாத! விதி விதிதான்."

"அப்ப வீட்ல இருப்பில் உள்ள பொருளைக் கொண்டு..." என்று அவள் சீட்டைப் பார்த்துப் படித்தாள். படித்துக்கொண்டே அவர் சட்டையைப் பார்த்தாள்.

"ஏய், இது நான் போட்டுட்டிருக்கற சட்டை!"

"சரி, விடுங்க. ராத்திரி தங்கட்டும் சீட்டு. ஒரு நாள்தானே. முப்பது வருஷத்துல ஒரு நாள் ஆனா என்ன குறைஞ்சு போச்சு?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் கல்லும் கரையும். கத்தரிக்கோலை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். ஆறு பொத்தானையும் வெட்டிக் கொடுத்து, சீட்டில் 'ஈடு செய்யப்பட்டது' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். மணி ஆறு இருபது. சீட்டு தங்கிய நேரம் மொத்தமே பதினோரு நிமிஷம். ஆபீஸில்கூட இத்தனை வேகம் கிடையாது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்தப் பெருமையைத்தான் மனைவி இருபத்தெட்டு வருஷமாகப் படித்து வைத்திருந்தாள். நாலாம் நம்பருக்குப் பட்டு மாதிரி வழவழப்பான துணி குறைந்தது. அவரிடம் ஒரே ஒரு டை இருந்தது. கல்யாண வரவேற்புக்குக் கட்டியது, பிறகு இருபத்தைந்து வருஷ சேவைக்குக் கேடயம் கொடுத்த அன்று கட்டியது. அது போயிற்று. ஐந்தாம் நம்பருக்குப் பின்னணித் தாள் குறைந்தது. அவர் சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்த ரயில்பாதை வரைபடங்கள் போயின. எட்டாம் நம்பரில் 'வட்டமா, பளபளன்னு ஏதாவது' குறைந்தது. ரேடியோவின் குமிழ்கள் இரண்டும் வட்டமாகப் பளபளவென்று இருந்தது ரேடியோவின் தலையெழுத்து. ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, தூசி தட்டி, அவரே கொண்டுவந்து கொடுத்தார். சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

சாய்வு நாற்காலியின் கித்தானைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார்.

"அதுல நான் படுக்கணும்."

"ஆல்பத்துக்கு மேலட்டை போடக் கெட்டித் துணி வேணுமே. வேற எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அவர் வீடு முழுக்கத் தேடினார். வேறு எங்கும் இல்லை. இல்லாதது யார் குற்றம்? ஸ்டோர் கீப்பரின் குற்றம். அந்தக் குற்றவுணர்ச்சியோடு கித்தானை உருவிக் கொடுத்தார்.

இதற்கிடையில் கிட்டுக்குக் கிட் பொத்தானும் கூடவே குறைந்ததில், ஆபீஸுக்குப் பொத்தான் முழுசாக உள்ள சட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. தைத்துக்கொள்ளலாம் என்றால் வீட்டில் இருந்த பொத்தான் எல்லாம் சீலுக்குள். கடையில் வாங்கலாம் என்றால், புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று சொன்னவர் அவரேதான். சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு போனார். மேனேஜர் ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தட்டுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவர் நெஞ்சையே பார்த்தார்.

"என்னய்யா இது, சட்டைக்கு ஸ்டேப்ளர்?"

"குறை ஈடு செய்யப்பட்டது, சார்."

மேனேஜர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். போகும்போது, "ரெண்டு நாள் லீவு வேணும்னா எடுத்துக்கங்க" என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஆறுதல், கிட்டுகள் மளமளவென்று தீர்ந்தன. வாரத்துக்கு இரண்டு என்று அவர் போட்ட கணக்கு, மூன்றாகி நாலாகி ஐந்தானது. அவள் கை இத்தனை வேகம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. பாவம், ராப்பகலாக ஒட்டுகிறாள்போல என்று இரண்டொரு நாள் இரக்கம்கூடப் பட்டார். ஒட்டிய ஆல்பம் எல்லாம் எங்கே என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பொருள் தட்டை விட்டு இறங்கினால் ஸ்டோர் கீப்பரின் வேலை முடிந்தது. இறங்கினது எங்கே போகிறது என்பது வேறு இலாகா.

கிட் கட்டி முடித்ததிலிருந்து ஏழாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அவரைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள். எல்லாத் தட்டும் துடைத்துவிட்டது போல் காலி. "ஒரு துண்டு லேஸ்கூட இல்ல. ஜெயிச்சுட்டீங்க. ரூம் உங்களுக்கு."

ஸ்டோர் கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். "நீயும் அப்பப்ப வரலாம். தட்டிட்டு வா" என்றார்.

நாற்காலியை உள்ளே கொண்டுபோனார். கித்தான் இல்லாத நாற்காலியில் படுக்க முடியாது. அதன் நடுவில் புகுந்து நிற்கத்தான் முடியும். ரேடியோவைக் கொண்டுபோனார். குமிழ் இல்லாததால் அதைப் போட முடியவில்லை. பரவாயில்லை என்று தரையில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். வெளியே யாரோ நடக்கிற சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை. ஐம்பத்து நாலு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். அவர் வாயைத் திறந்தபடி சுவரில் சாய்ந்து, சந்தோஷம் தாங்காமல் தூங்கிப்போனார்.

டொக் டொக்.

"யாரு?"

"நான்தான் அண்ணா, எதிர்வீடு. ஏழாம் நம்பர் கிட். ரிப்பன் குறையுது."

அவர் கதவைத் திறந்தார். தையல்காரம்மாவின் கையில் கிட் இருந்தது. கிட்டின் மேல் அவருடைய சீட்டு. சீட்டின் கீழ் மூன்று சுழிப்பு.

"இது எப்படி உன்கிட்ட வந்தது?"

"அக்கா குடுத்தாங்க. தெருவுல எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு குடுத்தாங்களே."

அவளுக்குப் பின்னால் மாடி வீட்டு நர்ஸம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் ரிட்டயர்டு டீச்சர். அதற்கும் பின்னால் இன்னும் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு கிட், ஆளுக்கு ஒரு சீட்டு. ஸ்டோர் கீப்பர் மனைவியைத் தேடிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"என்ன இது?"

"ஆறு கிட் நான் பண்ணினேன். பதினெட்டு குடுத்துட்டேன். அலமாரி காலியாகணும்னுதானே சொன்னீங்க? நானே ஒட்டித்தான் காலி பண்ணணும்னு சொல்லலையே."

"சீட்டோடயா குடுப்பாங்க?"

"'கொண்டுவருபவர்'னுதானே எழுதியிருக்கீங்க. கொண்டுவந்திருக்காங்க."

"சரி, இவங்க எதுக்கு இங்க உக்காறாங்க?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து இங்கயே ஒட்டறதா பேசியாச்சு. அந்தச் சின்ன ரூம்ல என் ஒருத்திக்கே இடம் பத்தாது. ஹால்னா தாராளம், ரெண்டு பக்கமும் ஜன்னல். நல்லவேளை, நீங்க அந்த ரூமைக் கேட்டீங்க."

ஸ்டோர் கீப்பர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் டீச்சர் நடுவில் புகுந்து, "சார், உங்க ஸ்டோர்ல குறைன்னு வந்தா ஒரு ராத்திரிகூட தங்காதாமே? உங்க வீட்டம்மா ரொம்பப் பெருமையா சொல்லிட்டிருந்தாங்க" என்றார்.

அவ்வளவுதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள்; அதை ஆசையோடு போட்டுக்கொள்ளும் என்று யாரும் சொன்னதில்லை. ஸ்டோர் கீப்பர் முதுகை நிமிர்த்தினார். "வரிசையா வாங்கம்மா" என்றார். ரிப்பனுக்குப் பழைய பைஜாமா நாடா. அட்டைக்கு அவர் சேவைக் கேடயம் வந்த பெட்டி. நர்ஸம்மாவுக்குத் தங்க நிறத்தில் ஏதாவது வேண்டும் என்றதும், கேடயத்தின் மேல் இருந்த தகட்டையே நெம்பிக் கொடுத்தார். எட்டுச் சீட்டும் அரை மணியில் தீர்ந்தன. "ஆபீசர்னா இப்படி இருக்கணும்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் காது சிவந்தது.

"ஆனா இப்படி ஆளாளுக்கு வந்து கதவத் தட்டிட்டே இருந்தா எப்படி?" என்று, கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு, மனைவியிடம் சொன்னார். "ஒரு மனுஷன் நிம்மதியா உள்ள இருக்க வேணாமா?"

"வாஸ்தவம்தான்," என்றாள் அவள். "அதுக்கும் ஒரு வழி பண்ணிடலாம். இப்ப என்கிட்டயும் ஒரு சீட்டு இருக்கு. என் பங்குல கடைசிச் சீட்டு."

"குடு. என்ன குறையுது?"

"மேசை. சாப்பாட்டு மேசையும் என் மேசையும் சேர்த்தே நாலு பேர்தான் உக்கார முடியுது. டீச்சரம்மாவுக்கு முட்டி வலி, தரைல உக்காந்து ஒட்ட முடியல. ஒரு பலகை வேணும். ஆறரை அடி நீளம், மூணடி அகலம். வழவழன்னு, வளையாம."

"பூ, இதெல்லாம் ஒரு குறையா?"

இந்த 'பூ'வைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எட்டுப் பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அலமாரித் தட்டை அளந்தார், ஒன்றரை அடி. கட்டில் பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு சாண். பரணில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, மூச்சு வாங்க, பின்னறைக் கதவில் சாய்ந்துகொண்டார். மனைவி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த டேப்பை வாங்கி, அவர் தலைக்கு மேலிருந்து கால் வரைக்கும் இழுத்துப் பிடித்தாள்.

"ஆறரை," என்றாள்.

ஸ்டோர் கீப்பருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இது... இது கதவு."

"வீட்ல இருப்பில் உள்ள பொருள்."

"எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு," என்றார். நிஜமாகவே குரல் உடைந்துவிட்டது.

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. மகளை அனுப்பிய அன்று அழுததுபோலவே இப்போதும் அவள் கண் லேசாகப் பனித்தது. "சரி விடுங்க, வேணாம். கஷ்டப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு, ஹால் பக்கம் திரும்பினாள். "டீச்சர், மன்னிச்சுக்குங்க. ஸ்டோர்ல முடியலையாம்."

முடியலையாம். எட்டு ஜோடிக் கண்கள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்திவிட்டு, "பரவால்ல அண்ணா, எல்லாராலயும் எல்லாம் முடியுமா?" என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

அந்த ஆறுதல்தான் தாங்கவில்லை. ஸ்டோர் கீப்பர் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். மூன்று கீல், கீலுக்கு நாலு திருகு. பன்னிரண்டையும் கழற்றினார். திருகுகளை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போட்டார். தாழ்ப்பாளைக் கழற்றும்போது மட்டும் திருப்புளி இரண்டு தடவை கை நழுவியது. நாலு பேர் பிடித்துக் கதவைத் தூக்கிப்போய், ஹாலில் இரண்டு ஸ்டூல் மேல் வைத்தார்கள். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டார் ஸ்டோர் கீப்பர். சுழிப்பு ஒன்றும் வரவில்லை.

பிறகு அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஹாலிலிருந்து பார்த்தால் அவர் முழுசாகத் தெரிந்தார். நர்ஸம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

மனைவி பசை டப்பாவோடு நிலைப்படி வரைக்கும் வந்து நின்றாள். "நிம்மதியா இருங்க," என்றாள் பிரியமாக. "இனிமே உங்க கதவ யாரும் தட்ட மாட்டாங்க."